பியோசயனின் தட்டில் வளையம் தருகிறது. அதனால் அது மருந்தாகிவிடுமா?

கேள்வி: பிப்ரவரி 6, 2024, இரவு 8.15

முதுகலை நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். புண்ணின் சீழிலிருந்து பிரித்த சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவை வளர்த்து, அதன் நீல நிறமியான பியோசயனினைக் குளோரோஃபார்மில் இறக்கி, கிருமி பூசிய தட்டில் குழி வெட்டி ஊற்றும் அகார் குழிமுறையில் சோதித்தேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு 18 மில்லிமீட்டர், கேண்டிடா என்ற பூஞ்சைக்கு 15, ஈ.கோலைக்கு 11 மில்லிமீட்டர் அளவில், கிருமி வளராத தடுப்பு வளையம் கிடைத்தது. நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் நிறமியே நோய்க்கு மருந்தாகும் என்று ஆய்வேட்டின் முடிவுரையில் எழுத இருக்கிறேன். நெறியாளரும் சம்மதித்துவிட்டார். முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு 10.40

அந்த வரியை எழுத வேண்டாம். வளையம் விழுந்ததை நான் சந்தேகிக்கவில்லை. அதை விழச் செய்தது நிறமிதான் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். குளோரோஃபார்மை முழுவதும் ஆவியாக்கிய பிறகுதான் குழியில் ஊற்றினீர்களா? வெறும் குளோரோஃபார்ம் ஊற்றிய குழி ஒன்று அதே தட்டில் இருந்ததா? குழிக்குள் எத்தனை மைக்ரோகிராம் நிறமி சென்றது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாதவரை 18 என்ற எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 7, காலை 6.20

இரவில் எழுதியதைக் காலையில் படித்தபோது கடுமையாக இருந்தது. அந்தக் கடுமைக்கு என் சொந்தக் கதை ஒன்று காரணமாக இருப்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2002இல் நான் சமர்ப்பித்த முதுகலை ஆய்வேடும் இதே நிறமியைப் பற்றியதுதான். வளர்ப்பை சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேல்நீரைக் குளோரோஃபார்முடன் குலுக்கி, அடியில் இறங்கிய நீல அடுக்கைப் பிரித்தெடுத்து, அதைத் தண்ணீர்த்தொட்டியின் சூட்டில் அரைகுறையாக வற்றவைத்து, அவசரத்தில் அப்படியே குழிகளில் ஊற்றினேன். மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தபோது கத்தரித்து வைத்ததைப் போல வளையங்கள் தெரிந்தன. புகைப்படம் எடுத்தேன், அளந்தேன், அட்டவணை போட்டேன். வாய்மொழித் தேர்வில் எல்லோரும் பாராட்டினார்கள். நான்கு மாதம் கழித்து இளைய மாணவர் ஒருவருக்கு அதே சோதனையைச் செய்துகாட்டியபோதுதான், ஒரு குழி மிச்சமிருக்கிறதே என்று வெறும் குளோரோஃபார்மை அதில் ஊற்றினேன். மறுநாள் அந்தக் குழியைச் சுற்றியும் வளையம் இருந்தது. நிறமிக்குழியின் வளையத்தைவிட அது அதிகம் சிறியதாகவும் இல்லை.

அன்றைக்கு யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. பட்டம் கையில் இருந்தது, வேலையும் கிடைத்துவிட்டது. அந்த ஆய்வேடு இன்றும் கல்லூரி நூலகத்தில் கறுப்பு அட்டையோடு இருக்கிறது. பின்னால் வந்த இரண்டு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு அந்த அட்டைதான் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 7, மாலை 7.05

செய்முறையைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். குளோரோஃபார்மில் இறங்கிய நீலத்தை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதனுடன் 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துக் குலுக்கினால் நிறமி அமில அடுக்குக்கு ஏறி இளஞ்சிவப்பாகும். அதன் ஒளி உட்கவர்வை 520 நானோமீட்டரில் அளந்து 17.072 ஆல் பெருக்கினால், ஒரு மில்லிலிட்டர் வளர்ப்பில் எத்தனை மைக்ரோகிராம் பியோசயனின் இருந்தது என்ற மதிப்பீடு கிடைக்கும். பிறகு காரம் சேர்த்து மறுபடி நீலமாக்கி, புதிய குளோரோஃபார்முக்கு இறக்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கும் அங்கிருந்து மறுபடி நீலத்துக்கும் என்று இதை இரண்டு மூன்று முறை செய்தால், கூடவே வந்த கொழுப்புத்தன்மையுள்ள சரக்குகளில் பெரும்பகுதி பின்தங்கிவிடும். கடைசியில் குளோரோஃபார்மை வாசனையே இல்லாத அளவுக்கு ஆவியாக்கி, எஞ்சும் பொருளைத் தண்ணீரிலோ தாங்கல் (பஃபர்) கரைசலிலோ கரைத்த பிறகே குழியில் விட வேண்டும்.

நிறமியை அதிகம் பெற வேண்டுமென்றால் 1954இல் கிங், வார்டு, ரேனி ஆகிய மூவர் வகுத்த கிங் ஏ ஊடகத்தில் வளர்த்துப் பாருங்கள். மக்னீசியம் குளோரைடும் பொட்டாசியம் சல்பேட்டும் கிளிசராலும் சேர்ந்த அந்த ஊடகம் பியோசயனினுக்காகவே வகுக்கப்பட்டது.

பிப்ரவரி 7, இரவு 9.30

ஒரு சேர்க்கை. குளோரோஃபார்ம் பிரிந்த பிறகும் மேலே உள்ள நீரில் மஞ்சள் கலந்த பச்சை எஞ்சி நிற்கும். நிறமி முழுவதும் இறங்கவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் குலுக்க வேண்டாம். அது பியோவெர்டின் என்ற வேறொரு நிறமி. புற ஊதா விளக்கில் ஒளிரும், இரும்பைக் கவர்ந்துவரும், குளோரோஃபார்முக்கு இறங்காது. நாம் தட்டில் காணும் பச்சை, இந்த மஞ்சளும் பியோசயனினின் நீலமும் சேர்ந்த பச்சைதான்.

பிப்ரவரி 10, இரவு 11.10

முள்ளை முள்ளால் எடுப்பது பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய இடது குதிகாலில் புண் வந்தபோது, வீட்டில் கட்டுமாற்றும் பொறுப்பு என்னுடையது. ஒருநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது, துணியின் உள்மடிப்பு வெளிர்பச்சையாகவும், காற்றுப்பட்ட ஓரங்கள் நீலப்பச்சையாகவும் இருந்தன. கூடவே அளவுக்கு மீறிப் பழுத்த திராட்சையின் வாடை. 19 ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வகத்தில் அந்த நிறத்தையும் வாடையையும் தட்டுகளில் கண்டவளுக்கு, வளர்ப்புச் சோதனையின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனால் தட்டில் பார்க்கும் நிறம் தாயின் காலில் இருக்கும்போது அதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். புண் ஆற ஏழு மாதம் ஆயிற்று. இரண்டு விரல்களை இழந்தோம்.

இந்த நிறமியின் வரலாறு தொடங்குவதும் கட்டுத்துணியில்தான். காயத்தில் நீலச் சீழ் கட்டுவதை அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். பிரான்சின் ஃபோர்டோஸ் 1860இல் அந்த நீலத்தைக் குளோரோஃபார்மில் இறக்கிப் படிகமாக்கி, பியோசயனின் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அதன் பொருளே சீழ், நீலம் என்ற இரண்டும்தான். 1882இல் கார்ல் ஜெஸ்ஸார் என்ற பிரெஞ்சு மருந்தாளர், கட்டுத்துணிகளில் தோன்றும் நீலத்துக்கும் பச்சைக்கும் காரணமான பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். நீங்கள் செய்யும் குளோரோஃபார்ம் வேலை ஏறத்தாழ 160 ஆண்டுப் பழமை உடையது.

நீங்கள் எழுத நினைக்கும் முடிவுரைக்கும் நூறாண்டுக்கு மேல் வயது இருக்கிறது. 1889இல் ஷார்ல் பூஷார், இந்த பாக்டீரியாவை முயல்களுக்குச் செலுத்தினால் ஆந்த்ராக்ஸ் நோயிலிருந்து அவை தப்பக்கூடும் என்று காட்டினார். பத்து ஆண்டுகள் கழித்து, மியூனிக்கில் ருடால்ஃப் எம்மரிச்சும் ஆஸ்கர் லோவும் இதன் பழைய திரவ வளர்ப்பை வடிகட்டிச் சுருக்கி, பியோசயனேஸ் என்ற மருந்தைச் செய்தார்கள். பெனிசிலினுக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் முன்பே, ஒரு பாக்டீரியாவின் சாறு தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயாளிகளின் தொண்டையில் தடவப்பட்டது. அதைச் செய்தவர்கள் அது ஒரு நொதி என்று நம்பினார்கள். உள்ளே உண்மையில் பல பொருள்கள் கலந்திருந்தன. ஒரு முறை செய்த மருந்து வேலை செய்தது, மறுமுறை செய்தது வேலை செய்யவில்லை, நச்சுத்தன்மையும் இருந்தது. காலப்போக்கில் அது மறைந்துபோயிற்று.

முள்ளால் முள்ளை எடுக்கலாம், எடுக்கும் முள் காலுக்குள்ளேயே முறியாமல் இருந்தால்.

பிப்ரவரி 11, காலை 8.00

இந்த நிறமி எப்படிக் கொல்கிறது என்று வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டுப்பாடம்போல ஒரு காட்சியைச் சொல்கிறேன், ஆய்வகத்தில் உள்ளவர்கள் பார்த்திருப்பீர்கள். நீலமாக இருக்கும் திரவ வளர்ப்பை இரவு முழுவதும் அசையாமல் நிறுத்தி வைத்தால், அடிப்பகுதி வெளிறிப்போய், காற்றைத் தொடும் மேல்விளிம்பு மட்டும் நீலமாக நிற்கும். குழாயைக் கையில் எடுத்து நாலுமுறை குலுக்கினால் நீலம் அடிவரை திரும்பி வந்துவிடும். அம்மாவின் கட்டுத்துணியில் உள்மடிப்பு வெளிறியும் ஓரம் நீலமாகவும் இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

பியோசயனின் எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் சிறிய மூலக்கூறு. செல்லுக்குள் நுழைந்து, உணவை எரித்துக் கிடைத்த எலக்ட்ரானை வாங்கும்போது நிறமிழக்கிறது. அதை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும்போது மறுபடி நீலமாகிறது. அந்த ஒப்படைப்பில் சூப்பர் ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பிறக்கின்றன. ஒரே மூலக்கூறு இதை ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்வதால், எதிரியின் செல் தன் சொந்த மூச்சாலேயே உள்ளிருந்து எரிகிறது. 1980இல் ஹசனும் ஃப்ரிடோவிச்சும் ஈ.கோலையில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நிறமியின் கொல்லும் வலு பெரிதும் குறைந்தது. சூப்பர் ஆக்சைடையும் பெராக்சைடையும் அழிக்கும் நொதிகளை அதிகமாக வைத்திருந்த செல்கள் தாக்குப்பிடித்தன.

சூடோமோனாஸ் தன் நஞ்சில் தானே சாகாமல் இருப்பதும் இதனால்தான். அதனிடம் அந்த நொதிகள் வலுவாக உள்ளன. அதன் செல்லுக்குள் பியோசயனினுக்கு எலக்ட்ரான் எளிதில் கிடைப்பதில்லை. உள்ளே சேர்வதை வெளியே இறைக்கும் பம்புகளும் உண்டு. ஆரியஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள் பொதுவாக எளிதில் விழுகின்றன, ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைகள் அவ்வளவாக விழுவதில்லை. உங்கள் 18க்கும் 11க்கும் உள்ள இடைவெளி இந்த வரிசையோடு பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு யோசனை. ஈ.கோலையும் ஆரியஸும் காற்றில்லாமலும் வளரக்கூடியவை. ஒரே மாதிரி இரண்டு தட்டுகள் போட்டு, ஒன்றைத் திறந்த இன்குபேட்டரிலும் மற்றதைக் காற்றில்லா ஜாடியிலும் வையுங்கள். ஜாடியில் வளையம் மறைந்தால் நிறமிதான் வேலை செய்தது என்று சொல்லலாம். மறையாவிட்டால் கரைப்பான்தான் காரணம். மெழுகுவர்த்தி ஏற்றிய ஜாடி இதற்குப் போதாது, அதில் ஆக்சிஜன் முழுவதும் தீர்வதில்லை.

பிப்ரவரி 11, மாலை 4.45

காலையில் சொன்ன யோசனையில் ஓட்டை இருக்கிறது. சமையல் செய்துகொண்டிருந்தபோது உறைத்தது.

சூடோமோனாஸ் நிறமியை மட்டும் விடுவதில்லை. ஆல்கைல் குவினோலின் என்ற நிறமற்ற பொருள்களின் குடும்பம் ஒன்றும் அதனிடம் இருக்கிறது. 1945இலேயே ஹேஸும் உடன் பணியாற்றியவர்களும் அவற்றைப் பிரித்தெடுத்து, நிறமியின் பெயரில் நாம் எழுதும் கொல்லும் வலுவில் பெரும்பங்கு நிறமற்ற இவற்றுடையது என்று காட்டினார்கள். அவற்றில் எச்.கியூ.என்.ஓ. என்பது ஆரியஸின் மூச்சுச் சங்கிலியையே அடைக்கும். காற்றில்லாத ஜாடியில் ஆரியஸ் அந்த மூச்சை நம்பியிருப்பதில்லை, நொதித்தலால் வாழ்கிறது; எனவே எச்.கியூ.என்.ஓ. தந்த வளையமும் அங்கே மறைந்துவிடும். ஆக, வளையம் மறைந்தால் கரைப்பான் அல்ல என்று மட்டுமே சொல்ல முடியும், நிறமிதான் என்று சொல்ல முடியாது. மேலே நான் சொன்ன அமில–கார முறையில் தூய்மை செய்யாத சாற்றை வைத்துச் சோதித்தால், 1899இல் எம்மரிச் நின்ற இடத்தில்தான் நாமும் நிற்போம். வாங்க வழி இருந்தால், தூய பியோசயனினைச் சிறிதளவு வாங்கி அருகில் ஒரு குழியில் வையுங்கள்.

பிப்ரவரி 13, இரவு 9.15

ஆரியஸின் பொன்னிறமும் கிருமிகளைக் கொல்லுமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அந்த நிறமியின் வேலை வேறு.

1884இல் ரோசன்பாக் பொன்னிறத் தொகுதிகளைக் கண்டு ஆரியஸ் என்று பெயரிட்டார். அந்தப் பொன்னிறத்தைத் தருவது ஸ்டாஃபைலோசாந்தின், கேரட்டின் நிறத்தோடு உறவுடைய கரோட்டினாய்டு. நம் வெள்ளணுக்கள் பாக்டீரியாவை விழுங்கி, சூப்பர் ஆக்சைடையும் பெராக்சைடையும் அதன் மேல் கொட்டுகின்றன. பியோசயனின் பகைவன் மேல் வீசும் அதே நெருப்புதான் இது. ஸ்டாஃபைலோசாந்தின் அந்த நெருப்பை வாங்கி அணைக்கும் கவசம். 2005இல் கலிபோர்னியாவில் ஜார்ஜ் லியு, விக்டர் நிசெட் முதலியோர் இந்த நிறமியை உண்டாக்கும் மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, வெள்ளையாகிப்போன பாக்டீரியாக்கள் வெள்ளணுக்களிடம் எளிதில் இறந்தன; எலிகளில் புண்ணும் சிறுத்தது. 2008இல் இன்னொரு வழி திறந்தது. இந்த நிறமியைச் செய்யும் நொதி, நம் உடலில் கொழுப்புச்சத்தைச் செய்யும் ஒரு நொதியை ஒத்திருந்தது. எனவே கொலஸ்டிராலுக்காக முன்பு ஆராயப்பட்ட ஒரு சேர்மத்தைக் கொடுத்து ஆரியஸை வெள்ளையாக்கி, அதைப் பலவீனப்படுத்த முடிந்தது.

எனக்கு இதில் பிடித்தது அந்த வழியின் திசை. நிறமியை மருந்தாக்க முயலாமல், அதைத் தடுக்கும் பொருளை மருந்தாக்க அவர்கள் முயன்றார்கள். நிறமி என்ற ஒரே சொல்லுக்குள் வாளும் கேடயமும் இருக்கின்றன. ஆய்வேட்டின் முன்னுரையில் எல்லா நிறமிகளையும் ஒரே பத்தியில் அடைத்தால் இந்த வேறுபாடு தொலைந்துவிடும்.

பிப்ரவரி 18, பிற்பகல் 3.30

சிவப்பும் ஊதாவும் விடுபட்டுப்போயின.

செராஷியா மார்சசென்ஸ் என்ற பாக்டீரியா தரும் சிவப்பு நிறமியான புரோடிஜியோசின் அறிவியலுக்குள் வந்த கதை இத்தாலியுடையது. 1819இல் பதுவா நகரத்துக்கு அருகே லெஞ்யாரோவில் மக்காச்சோளக் களி இரத்தம் வடிவதுபோல் சிவந்தது. ஊரார் பேய்வினை என்று அஞ்சினார்கள். பார்த்தோலோமேயோ பிட்ஸியோ என்ற மருந்தாளர் அது ஓர் உயிரியின் வேலை என்று காட்டினார். சிவப்பு விரைவில் மங்கிவிடுவதால் வாடுவது என்ற பொருளில் மார்சசென்ஸ் என்று பெயரிட்டார். இந்த நிறமி கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் மலேரியா ஒட்டுண்ணியையும் தட்டிலும் குழாயிலும் தடுத்திருக்கிறது. ஆனால் 37 டிகிரி சூட்டில் செராஷியா பெரும்பாலும் சிவப்பதே இல்லை. நோயாளிகளிடமிருந்து எங்களுக்கு வந்த செராஷியாக்களில் மிகப் பெரும்பாலானவை வெள்ளைதான். நம் உடலில் நோயுண்டாக்க அதற்கு இந்த நிறமி தேவைப்படவில்லை என்றே தோன்றுகிறது.

குரோமோபாக்டீரியம் வயலேசியம் வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியா. மனிதருக்கு அரிதாகவே தொற்றும், தொற்றினால் இரத்தத்தில் பரவி ஈரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கி உயிரைக் குடிக்கும். என் பணிக்காலத்தில் ஒரே ஒருமுறை கண்டேன். தட்டைத் திறந்தவுடன் எல்லோரும் அருகில் வந்து பார்த்த ஊதா அது. அதன் ஊதா நிறமியான வயலசீன், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது, ஆரியஸ் போன்றவற்றின் சவ்வைக் குலைக்கிறது, கிராம் நெகட்டிவ் வகைகளிடம் அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை.

இந்த இரண்டும் நீரில் கரையாதவை என்பதைச் சோதனை செய்பவர்கள் மறக்கக் கூடாது. அகார் பெரும்பகுதி நீர்தான். கரையாத நிறமி குழியைச் சுற்றியே தங்கிவிடும். வளையம் சிறுத்திருப்பதைக் கண்டு வலுவில்லை என்று எழுதுவது தவறு. குழிமுறையை விட்டுவிட்டு, திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து மிகக் குறைந்த தடுப்புச் செறிவைக் கண்டறிவதே முறை. நீங்கள் பியோசயனினுக்கும் அதைச் செய்தால் நல்லது.

பிப்ரவரி 18, மாலை 6.10

வயலசீன் பற்றி எழுதியபோது விட்டுப்போனது. இதே நிறமியைச் செய்யும் ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் என்ற வேறொரு பாக்டீரியா, அமெரிக்கச் செம்முதுகு சாலமாண்டர்களின் தோலில் வாழ்கிறது. தவளைகளைக் கொன்று குவிக்கும் கைட்ரிட் பூஞ்சையை எதிர்க்க, ஹாரிஸ் குழுவினர் 2009இல் அந்தப் பாக்டீரியாவை மலைத் தவளைகளின் தோலில் பூசிப் பார்த்தார்கள். பூசப்பட்ட தவளைகள் பிழைத்தன. அங்கே நிறமி தனியாகப் பிரித்தெடுத்த மருந்தாகக் கொடுக்கப்படவில்லை. தோலில் வாழும் பாக்டீரியா தன் இடத்திலேயே அதைச் செய்தது.

பிப்ரவரி 25, இரவு 10.20

என் முதல் பதில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பியோசயனின் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்த பீனசின் குடும்பம் நோயாளியின் படுக்கையருகே தோற்றாலும் வயலில் வென்றிருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோதுமை வேரை அழுகச் செய்யும் பூஞ்சையை, வேரில் வாழும் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் அடக்குவதை லிண்டா தாமஷோவும் டேவிட் வெல்லரும் 1988இல் ஆராய்ந்தார்கள். பீனசின் செய்ய இயலாதபடி மாற்றிய பாக்டீரியா அடக்கும் வலுவில் பெரும்பங்கை இழந்தது. மரபணுவைத் திருப்பிக் கொடுத்தவுடன் வலு திரும்பியது. நிறமிதான் வேலை செய்தது என்று சொல்வதற்கு வேண்டிய சான்று இப்படித்தான் இருக்க வேண்டும். பியோசயனினுக்கு முந்தைய படியில் நிற்கும் பீனசின்-1-கார்பாக்சிலிக் அமிலம், சீனாவில் நெல்லின் இலையுறைக் கருகலுக்கு எதிரான பூஞ்சைக்கொல்லியாக விற்பனையில் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்து உழவர் ஒருவர், விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் வீதம் கலக்கும் சூடோமோனாஸ் தூளும் புண்ணில் வரும் கிருமியும் ஒன்றா என்று கவலையோடு கேட்டிருக்கிறார். ஒன்றல்ல. இனப்பெயர் ஒன்று, சிற்றினம் வேறு. அந்தத் தூளில் இருப்பது ஃப்ளோரசன்ஸ். புண்ணில் வருவது ஏருஜினோசா. ஆனாலும் கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொண்டு கலப்பதே நல்லது.

மார்ச் 3, காலை 7.40

மருந்தாவதில் உள்ள தடையைச் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டேன்.

பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குகிறது. நம் செல்லுக்குச் சுவர் இல்லை, அதனால் தப்பிக்கிறோம். பியோசயனின் தாக்குவது மூச்சை, மூச்சு நமக்கும் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயுள்ளவர்களின் நுரையீரலில் சூடோமோனாஸ் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். இப்படி நாட்பட்ட தொற்று உள்ளவர்களின் சளியில் மில்லிலிட்டருக்கு 27 மைக்ரோகிராம் வரை பியோசயனின் இருப்பதை 1988இல் அளந்தார்கள். அது மூச்சுக்குழாயின் நுண்மயிர்களின் அசைவைத் தளர்த்துகிறது, நம் வெள்ளணுக்களை முன்கூட்டியே சாகச் செய்கிறது. ஆய்வகத்தில் பாக்டீரியாக்களைத் தடுக்கும் செறிவும் நம் செல்களைத் துன்புறுத்தும் செறிவும் தள்ளித்தள்ளி இருப்பதில்லை. உங்கள் ஆய்வேட்டில் வளையங்களின் அட்டவணைக்குப் பக்கத்தில் மனிதச் செல்மீதான நச்சுச் சோதனை ஒன்றும் இல்லாதபோது, மருந்து என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

இதைவிட என்னை உறங்கவிடாத செய்தி வேறொன்று. அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் டையன் நியூமனின் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பியோசயனினைத் தாங்குவதற்காக சூடோமோனாஸ் இயக்கும் அதே பம்புகள் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தையும் வெளியே இறைப்பதைக் காட்டினார்கள். தன் நிறமியைத் தாங்கப் பழகிய பாக்டீரியா, நாம் கொடுக்கும் மருந்தையும் கூடுதலாகத் தாங்குகிறது. நிரந்தர எதிர்ப்புள்ள திரிபுகள் எழுவதற்கும் அது வழிவிடுகிறது. அருகில் வாழும் பர்க்ஹோல்டேரியா போன்ற வேறு கிருமிகளும் இந்த நிறமியின் சூழலில் சிப்ரோஃப்ளாக்சசினிலிருந்து தப்புகின்றன. எச்.கியூ.என்.ஓ. விஷயத்திலும் இதே போக்கு தெரிகிறது. அதன் அருகில் நெடுநாள் இருக்கும் ஆரியஸ், மெதுவாக வளரும் குறுந்தொகுதிகளாக மாறி டோப்ராமைசின் என்ற மருந்துக்கு அசையாமல் நிற்கிறது.

அம்மாவின் காலுக்கு முதலில் கொடுத்த மாத்திரை சிப்ரோஃப்ளாக்சசின்தான். பத்து நாளில் எந்த முன்னேற்றமும் இல்லாமல், ஊசிமருந்துக்கு மாறினோம். அந்தத் தோல்விக்கு நிறமிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்; சர்க்கரையும் இரத்தவோட்டக் குறைவும் தாமே போதுமான காரணங்கள். ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்த இரவில் எனக்கு அந்த நீலப்பச்சைத் துணி மறுபடி கண்ணில் வந்தது.

மார்ச் 3, காலை 7.55

சோதித்த தட்டுகளை எப்படி அப்புறப்படுத்துவது என்று கேட்டவருக்கு: புண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவைக் கையாளும்போது, சோதனை முடிந்த ஒவ்வொரு தட்டையும் ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் வைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். கழுவுதொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. சூடோமோனாஸுக்குக் கழுவுதொட்டி சொந்த வீடு.

ஏப்ரல் 9, இரவு 8.50

மாணவியிடமிருந்து தனிக்கடிதம் வந்தது. அவருடைய இசைவோடு இங்கே குறிக்கிறேன். குளோரோஃபார்மை முழுவதும் ஆவியாக்கி, மூன்று சுற்றுத் தூய்மை செய்து, வெறும் கரைப்பான் குழியும் தூய பியோசயனின் குழியும் வைத்து, எல்லாவற்றையும் மும்முறை செய்திருக்கிறார். ஈ.கோலைக்கு வளையமே இல்லை. ஆரியஸுக்கு 18ஆக இருந்தது 12ஆகக் குறைந்து, ஆனால் மூன்று முறையும் நிலைத்து நின்றது. காற்றில்லா ஜாடியில் அதுவும் மறைந்தது. வாங்கிய தூய நிறமியும் ஏறத்தாழ அதே அளவு தந்திருக்கிறது. நெறியாளருக்கு முதலில் மனம் வரவில்லை என்றும், தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது அவரே முடிவுரையைத் திருத்தச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறார்.

திருத்திய வரி இது: 'ஆக்சிஜன் உள்ள சூழலில், தூய்மை செய்த பியோசயனின் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் வளர்ச்சியைத் தடுத்தது, மனிதச் செல்களின் மீதான அதன் விளைவு இந்த ஆய்வில் சோதிக்கப்படவில்லை.' இதில் மாற்ற எதுவுமில்லை.

ஏப்ரல் 10, காலை 6.05

நான் படித்த கல்லூரியின் நூலகருக்கு நேற்றிரவே கடிதம் எழுதினேன். 2002ஆம் ஆண்டு ஆய்வேட்டின் 41ஆம் பக்கத்தில், வெறும் குளோரோஃபார்ம் குழியின் அளவைச் சேர்த்து ஒரு திருத்தத் தாள் ஒட்ட அனுமதி கேட்டிருக்கிறேன். அந்த அளவு என் பழைய குறிப்பேட்டில் பென்சிலில் இன்னும் அழியாமல் இருக்கிறது.